வீட்டில் முதல் தடவை: பீரா, ஒயினா, வேறு ஏதாவதா?

வீட்டிலேயே பீரோ ஒயினோ செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களிடம் எதில் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தங்களுக்குக் குடிக்கப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். சிவப்பு ஒயின் பிடித்தவர் திராட்சை தேடிக் கிளம்புவார். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் பீர் பிடித்தவருக்கு லாகர்தான் வேண்டும். ஆசை நியாயமானதுதான், ஆனால் முதல் தடவைக்கு அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. லாகருக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் பல வாரம் விடாமல் வேண்டும். அதற்கென்றே ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஒதுக்க வேண்டியிருக்கும். நல்ல சிவப்பு ஒயினுக்கு நல்ல திராட்சை வேண்டும். அது வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிவிடும்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: நான் செய்ததன் பலன் எத்தனை நாளில் என் நாக்குக்குத் தெரியும்? ஒரு மாதத்தில் தெரிந்தால், என்ன செய்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே அடுத்த முறை ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால், எந்தக் கையசைவால் அந்தக் கசப்பு வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். செலவு, இடம், உழைப்பு எல்லாம் இதற்கு அடுத்துதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது சட்டம். நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம், இது மாறும். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் செய்ய உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் மத்திய அரசு அளவில் வீட்டு பீருக்கு வழி பிறந்தது. இன்னும் அனுமதிக்காத ஊர்கள் நிறைய. உங்கள் இடத்தில் அனுமதி இல்லை என்றால் இதை ஒரு ரசனைக் கட்டுரையாகப் படித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் பற்றிய பயம். சாராயச் சாவுச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. அந்த விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலை மெத்தனாலைக் கொண்டுவந்து கலப்பது. மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பழச்சாறும் தானாக நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். கடை ஒயினிலும் அந்தச் சொற்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நொதித்ததைக் காய்ச்சி வடித்துப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். வீட்டு பீரை அனுமதிக்கும் நாடுகளில்கூட வடித்தல் பெரும்பாலும் குற்றம். தீ விபத்துக்கும் அதில் வாய்ப்பு அதிகம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத மூன்று

பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் சாறு நொதித்தது), மீட் (தேன் நொதித்தது) எதுவானாலும் வேலை செய்வது ஈஸ்ட்தான். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும். நம் வேலை அதற்கு வசதி செய்துகொடுப்பது. அந்த வசதி மூன்று விஷயத்தில் அடங்கும்: சுத்தம், வெப்பநிலை, அளவீடு.

சுத்தம் இரண்டு படி. முதலில் அழுக்கு போகக் கழுவ வேண்டும், அப்புறம் கிருமி போக நனைக்க வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநீக்கி ஊற்றிப் பயனில்லை. அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகைக் கிருமிநீக்கி கிடைத்தால் அதையே வாங்குங்கள். துணி வெளுக்கும் குளோரின் நீர் பாத்திரத்தில் கொஞ்சம் தங்கினாலும் பீரில் மருந்து நெடி வந்துவிடும். அப்புறம் அதை எடுக்க வழியே கிடையாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெப்பநிலையைத்தான் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நொதிக்கும்போது திரவம் தானே சூடாகும். அறை 24 டிகிரி என்றால் கலனுக்குள் 27, 28 கூட இருக்கும். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு (ஏல் என்பது லாகரைப் போலக் குளிர் கேட்காத பீர் வகை) 18 முதல் 22 டிகிரி வசதி. அதற்கு மேல் போனால் தொண்டையை எரிக்கும், தின்னர் போல மணக்கும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும். முதல் மூன்று நான்கு நாள்தான் முக்கியம். ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் கலனை நிறுத்தி, ஈரத் துணி சுற்றி, எதிரே மின்விசிறி வைத்தால் சில டிகிரி இறக்கிவிடலாம். பனிக்கட்டி போட்ட பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டால் இன்னும் இறங்கும்.

அறை எப்போதுமே 28, 30 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை இப்போது உலர்ந்த பாக்கெட்டாகவே கிடைக்கிறது. அதில் வோஸ் என்ற வகை 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும், லேசான ஆரஞ்சு மணமும் கொடுக்கும். வெயிலோடு மல்லுக்கட்டுவதைவிட வெயிலை விரும்பும் ஈஸ்ட்டைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அளவீடு என்றால் ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய் போன்ற மிதவை. தண்ணீரை 1.000 என்று வைத்து திரவத்தின் அடர்த்தியைக் காட்டும்; சர்க்கரை கூடினால் எண் கூடும். நீள ஜாடியில் திரவத்தை ஊற்றி இதை மிதக்கவிட வேண்டும். விட்டதும் விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிர்ந்துவிடும். திரவம் கண்ணாடியை ஒட்டி மேலே ஏறியிருக்கும் ஓரத்தைப் பார்க்காமல், நடுவில் உள்ள தட்டையான மட்டத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் 5.2 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று பொருள். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, தண்ணீர் ஊற்றிய சிறு அடைப்பான்) குமிழி நின்றுவிட்டது என்று பாட்டிலில் அடைப்பது தவறு. மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு பக்கவாட்டில் கசிந்தாலும் குமிழி நின்றுவிடும்.

அளவு பார்க்க எடுத்ததைத் திரும்பக் கலனில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். சூடாறிய, வாயு இல்லாத, அரைகுறை பீர் அது. அதன் சுவை நாளுக்கு நாள் மாறுவதை நாக்கில் பதிய வைத்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கின் பாதி சந்தோஷம்.

பீர்: மூன்று வழி

பீருக்கு மூன்று வழி இருக்கிறது. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ. அதன் கசப்பு ஏற்கெனவே கலந்த மால்ட் சாறு டப்பா முதல் வழி. டப்பாவைத் திறந்து, வெந்நீரில் கரைத்து, தண்ணீர் சேர்த்து, கூட வந்த ஈஸ்ட்டைத் தூவினால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. பீர் வரும். குடிக்கவும் முடியும். ஆனால் கசப்பு எவ்வளவு, எந்த ஹாப்ஸ், எவ்வளவு அடர்த்தி எல்லாவற்றையும் டப்பா செய்தவரே முடிவு செய்துவிட்டார். கற்றுக்கொள்ள மிஞ்சுவது சுத்தமும் வெப்பநிலையும்தான். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்தால், கூடவே ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை போடு என்று அதில் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக மால்ட் பொடி (மால்ட் சாற்றை உலர்த்திய பொடி) போடுங்கள். சர்க்கரை ஆல்கஹாலை ஏற்றும், பீரின் கனத்தைக் குறைக்கும். பீர் தண்ணீராக ஓடும்.

இரண்டாவது வழி, கசப்பு சேர்க்காத மால்ட் சாற்றை வாங்கி, ஹாப்ஸை நாமே சேர்த்துக் கொதிக்கவைப்பது. 5 லிட்டர் பீருக்கு உலர்ந்த மால்ட் பொடி 650 கிராம் போதும். தொடக்க அளவு 1.050-ஐ ஒட்டி வரும். கொஞ்சம் நிறத்துக்கும் இனிப்புக்கும், வறுத்த கேரமல் மால்ட் 100 கிராமை ஒன்றிரண்டாக உடைத்து, துணிப்பையில் கட்டி, 65, 70 டிகிரித் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு எடுத்துவிடலாம். அப்புறம் கொதி. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ள ஹாப்ஸ் 6, 7 கிராம் ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதித்தால் நடுத்தரக் கசப்பு கிடைக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னும் 10 கிராம் போட்டால் மணம் கிடைக்கும்.

ஏன் இந்த நேரக் கணக்கு? ஹாப்ஸில் உள்ள அமிலம் அப்படியே தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதியில்தான் உருமாறிக் கரைந்து கசக்கும். மணம் தரும் எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிவிடும். ஆகவே முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது மூக்குக்கு. இந்த ஒரு விஷயத்தைக் கையால் செய்து உணர்ந்துவிட்டால், கடையில் வாங்கும் பீரைக் குடிக்கும்போதுகூட அதைச் செய்தவர் என்ன யோசித்திருப்பார் என்று பிடிபட ஆரம்பிக்கும்.

மூன்றாவது வழி, முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே தொடங்குவது. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். 63-ஐ ஒட்டி வைத்தால் ஈஸ்ட் முழுதாகத் தின்னும் சர்க்கரை அதிகம், பீர் வறண்டு முடியும். 69 வரை போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாதது மிஞ்சும், வாயில் கனம் தெரியும். ஆறு டிகிரியில் பீரின் குணமே மாறுகிறது. இதற்கெனப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிரபலமான ஒரே பாத்திர முறையில், பெரிய துணிப்பைக்குள் மால்ட்டைப் போட்டு ஊறவைத்து, பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு அதே பாத்திரத்தில் கொதிக்கவைக்கலாம். 5 லிட்டருக்கு 1.2 கிலோ மால்ட் ஆகும். ஆனால் ஒரு முழு நாளில் ஐந்து ஆறு மணி நேரம் போய்விடும். வெப்பநிலை தப்பினால் எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கப் புதியவருக்குக் கஷ்டம். அதனால்தான் இதை மூன்றாவது, நான்காவது முறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எந்த வழியானாலும் கொதித்த சாற்றைச் சீக்கிரம் 20 டிகிரிக்கு இறக்க வேண்டும். 5 லிட்டர் என்றால் பாத்திரத்தை மூடி, பனிக்கட்டி போட்ட தொட்டியில் வைத்தாலே அரைமணியில் ஆறிவிடும். 20 லிட்டர் என்றால் செம்புக் குழாய்ச் சுருள் தேவைப்படும். முதல் முறைக்கு 5 லிட்டர் போதும் என்று நான் சொல்ல இதுவும் ஒரு காரணம். ஈஸ்ட் தூவும் முன் கலனை நன்றாகக் குலுக்குங்கள். அந்த நேரத்தில் ஆக்சிஜன் ஈஸ்ட்டுக்கு வேண்டும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் எதிரி. பாட்டிலில் அடைக்கும்போது சளசளவென்று ஊற்றினால் சில வாரத்தில் பீர் நனைந்த அட்டைப்பெட்டி போல மணக்கும். குழாயின் முனையைப் பாட்டிலின் அடியில் வைத்து மெதுவாக நிரப்புங்கள்.

மறுநாள் காலை கலனைப் பாருங்கள். மேலே பழுப்பு கலந்த வெள்ளை நுரை கிரீடம் போலக் கட்டியிருக்கும். அதில் பச்சையாய் ஹாப்ஸ் துணுக்குகள் ஒட்டியிருக்கும். உள்ளே திரவம் தானாகவே கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று புரண்டுகொண்டிருக்கும். யாரும் தொடவில்லை. பக்கத்தில் காதை வைத்தால் ஏர்லாக்கின் சத்தம் ஒரே தாளத்தில் கேட்கும். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.

இரண்டு வாரம் கலனில், இரண்டு வாரம் பாட்டிலில். பாட்டிலுக்குள் வாயு உண்டாக, அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையை எடைபோட்டு, கரைத்துக் கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும். கண்மதிப்பு கூடாது. அதிகமானால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு பறக்கும். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டிலில்தான் அடைக்க வேண்டும், சாதாரண ஒயின் பாட்டிலில் ஒருபோதும் கூடாது. பழுப்புப் பாட்டில் நல்லது. ஹாப்ஸில் உள்ள சேர்மங்கள் வெளிச்சம் பட்டால் துர்நாற்றமாக மாறும்.

ஆக, நான்கு ஐந்து வாரத்தில் பலன் கையில். என் அளவுகோலில் பீர் முன்னால் நிற்பது இதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஒரே நாளில் செய்த 5 லிட்டர் சாற்றை இரண்டு ஜாடியாகப் பிரித்து, ஒன்றில் நடுநிலையான ஏல் ஈஸ்ட்டும் மற்றதில் ஜெர்மானியக் கோதுமை பீர் ஈஸ்ட்டும் போடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒன்று சுத்தமாக மால்ட் சுவை காட்டும், மற்றது வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். நீங்கள் வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. ஈஸ்ட் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

ஒயின்: வேலை குறைவு, காத்திருப்பு அதிகம்

ஒயினில் கொதிக்கவைக்க எதுவும் இல்லை. சர்க்கரை பழத்திலேயே தயாராக இருக்கிறது. நன்கு பழுத்த ஒயின் திராட்சையில் சர்க்கரை எடையில் 22 முதல் 24 சதவீதம் இருக்கும். அதிலிருந்து 12, 13 சதவீத ஆல்கஹால் வந்துவிடும். இப்படிப் பார்த்தால் பீரைவிட எளிது. ஆனால் பீரில் தவறான மால்ட் வாங்கினால் அடுத்த வாரமே வேறு வாங்கலாம். ஒயினில் திராட்சை சுமாராக இருந்தால் ஒயினும் சுமார்தான். சாப்பிடும் திராட்சையில் செய்தால் ஏமாற்றமே வரும். பெரும்பாலும் அதில் சர்க்கரையும் புளிப்பும் போதாது, தோலில் துவர்ப்பும் இல்லை. சர்க்கரை கொட்டிச் சரிக்கட்டினால் ஆல்கஹால் வரும், ஆனால் ஒயினின் குணம் வராது.

அளவும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஒயினுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ திராட்சை ஆகும். 5 லிட்டருக்கு 8 முதல் 10 கிலோ வாங்கி, காம்பு நீக்கி, நசுக்க வேண்டும். சிவப்பு என்றால் தோலோடு நொதிக்கவிட வேண்டும். வாயு தோலை மேலே தள்ளித் தடித்த அடுக்காக்கிவிடும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை அழுத்தி உள்ளே முக்க வேண்டும். விட்டால் மேலே காய்ந்து வினிகர் பாக்டீரியா ஏறிவிடும். வெள்ளை என்றால் முதலிலேயே பிழிந்து சாற்றை மட்டும் 15 டிகிரியை ஒட்டி நொதிக்கவிட வேண்டும். குளிர்வசதி இல்லாதவருக்கு வெள்ளையைவிடச் சிவப்பு சுலபம். 25 முதல் 30 டிகிரி வரை அது தாங்கும்.

திராட்சைத் தோலில் உள்ள காட்டு ஈஸ்ட்டையே நம்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். அழகான ஒயின்கள் அப்படியும் வருகின்றன. முதல் முறைக்கு வேண்டாம். 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்துக் காட்டியதன் பலன்தான், நாம் இன்று 5 கிராம் பாக்கெட்டைக் கிழித்துத் தூவிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. அந்த 5 கிராம் 23 லிட்டர் வரை தாங்கும்.

ஒயினின் உண்மையான வேலை நொதித்த பிறகுதான் ஆரம்பம். அடியில் படியும் வண்டலிலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை சைஃபன் குழாயால் (மேலே உள்ள ஜாடியிலிருந்து கீழே உள்ளதற்குத் திரவத்தை இழுத்துவிடும் குழாய்) வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி வைக்க வேண்டும், மேலே காற்று தங்கக் கூடாது. ஆக்சிஜனையும் கெட்ட பாக்டீரியாவையும் தடுக்க பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் அளவாகச் சேர்க்க வேண்டும். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். சிவப்பில் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாவது நொதித்தல் ஒன்றும் உண்டு. அது பாக்டீரியாவின் வேலை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாள் ஓடும்.

இதையெல்லாம் வேண்டாம் என்பவருக்கு ஒயின் கிட் இருக்கிறது. செறிவூட்டிய சாறு, ஈஸ்ட், தெளிவாக்கும் பெண்டோனைட் மண், எல்லாம் அளந்து வந்துவிடும். பெரும்பாலும் 23 லிட்டர், நான்கு முதல் ஆறு வாரத்தில் பாட்டிலுக்குத் தயார். பீர் டப்பாவைக் குறைசொன்ன நான் ஒயின் கிட்டைக் குறைசொல்ல மாட்டேன். காரணம், நல்ல திராட்சை கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு வேறு வழியே இல்லை. வண்டல் மாற்றுவது, தெளியவிடுவது, காற்று படாமல் காப்பது எல்லாவற்றையும் இதிலும் கற்றுக்கொள்ளலாம். பெட்டியில் ஆறு வாரம் என்று போட்டிருந்தாலும் மூன்று மாதமாவது பாட்டிலில் விடுங்கள். 23 லிட்டர் என்றால் 30 பாட்டில் வரும். வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சைடர், மீட்

சைடருக்கு அடுப்பே தேவையில்லை. பாட்டிலில் வரும் ஆப்பிள் சாற்றில் பாதுகாப்புப் பொருள் இல்லையா என்று லேபிளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொட்டாசியம் சோர்பேட்டோ சோடியம் பென்சோயேட்டோ இருந்தால் ஈஸ்ட் பெருகாது. வைட்டமின் சி இருந்தால் பரவாயில்லை. 4, 5 லிட்டர் சாறு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் சத்து (ஈஸ்ட்டுக்கு உணவாகும் பொடி), ஈஸ்ட், ஏர்லாக். பத்து நிமிட வேலை. சாற்றின் தொடக்க அளவு 1.045 முதல் 1.055 வரை இருக்கும், 6 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் வரும். ஒரு குறை: ஆப்பிள் சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும். இனிப்பான கடை சைடரை எதிர்பார்த்தவருக்கு வாய் வறளும், புளிக்கும். இரண்டு மாதம் பாட்டிலில் விட்டால் அந்தக் கூர்மை தணியும். பீரைப் போலத் திருத்திப் பழக இதில் நிறைய இடம் இல்லை. ஆனால் நேரமே இல்லாதவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

மீட் என்பது தேன் ஒயின். 4.5 லிட்டருக்கு 1.3 கிலோ தேன் போட்டால் 11 சதவீதத்தை ஒட்டி வரும். தேனில் சர்க்கரை நிறைய, ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு. அதனால் ஈஸ்ட் சத்தை ஒரேயடியாகப் போடாமல் முதல் சில நாளில் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் மீட்தான் அழுகிய முட்டை வாசம் அடித்து, வருடக்கணக்கில் கடுகடுவென்று நிற்கும். தேனைக் கொதிக்கவைக்காதீர்கள், பூவின் மணம் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் போதும்.

நீங்கள் எதை எடுக்கலாம்

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும், 8 லிட்டர் பாத்திரம் ஒன்று இருக்கிறது என்றால், மால்ட் பொடியும் ஹாப்ஸும் போட்டு 5 லிட்டர் பேல் ஏல் (வெளிர்நிற ஏல்). இதுதான் என் முதல் பரிந்துரை. அறை சூடாக இருந்தால் க்வைக் ஈஸ்ட், இல்லையென்றால் சாதாரண ஏல் ஈஸ்ட். 11 கிராம் பாக்கெட்டில் பாதி போதும்.

சமையலறையை மூன்று மணி நேரம் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கொதிக்கும் மால்ட்டின் வாசம் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது என்றால் சைடர். பீர் பிடிக்காது, ஒயின் மட்டும்தான் குடிப்பேன் என்றால் கிட். கிட்டுக்கு 23 லிட்டரைவிடப் பெரிய கலன் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் அது பிறகு எதற்கும் பயன்படும். நல்ல ஒயின் திராட்சை கைக்கெட்டும் தூரத்தில் விளைந்தால் மட்டும் திராட்சையைத் தொடுங்கள். அதற்கு முன் கிட்டிலோ பீரிலோ இரண்டு மூன்று முறை கை பழகியிருந்தால் நல்லது. வருடத்துக்கு ஒருமுறை வரும் பழத்தில் சைஃபன் பிடிக்கப் பழகுவது வீண்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 20 லிட்டர் செய்ய ஆகும் நேரமும் 5 லிட்டர் செய்ய ஆகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அப்படியிருக்க ஏன் குறைவாகச் செய்ய வேண்டும் என்று பழகியவர்கள் கேட்பார்கள். 20 லிட்டர் என்றால் அரை லிட்டர் பாட்டில் 40. தீரும்வரை அடுத்ததைச் செய்ய மனம் வராது. சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்று தேவைக்கு மேல் குடிப்பதும் நடக்கும். அது இந்தப் பொழுதுபோக்குக்கும் நல்லதில்லை, உடம்புக்கும் நல்லதில்லை. 5 லிட்டர் என்றால் 10 பாட்டில். நான்கைந்தை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொரு வாரம் ஒன்றாகத் திறந்து சுவை மாறுவதைப் பார்க்கலாம். ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்த மணம் நிற்காது. கடைக்குப் பல மாதம் பயணம் செய்து வந்த பாட்டிலைவிட வீட்டு பீர் ஜெயிக்கும் இடமும் அதுதான்.

இன்னொரு யோசனையும் உண்டு, பீரோடு சேர்த்துச் செய்யலாம். பீர் செய்யும் அதே நாளில், கிருமிநீக்கி கலந்து தயாராக இருக்கும்போதே, ஒரு 4.5 லிட்டர் ஜாடியில் மீட் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் ஈஸ்ட் சத்து, இரண்டு மாதத்தில் ஒருமுறை வண்டல் மாற்றம், அதன் பிறகு பாட்டில். கூடுதல் உழைப்பு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு பாட்டிலை ஆறாவது மாதத்தில் திறங்கள், இன்னொன்றைப் பன்னிரண்டாவது மாதத்தில். அதற்குள் பீரில் ஏழெட்டு முறை கை பழகியிருக்கும், இரண்டு பாட்டிலுக்கும் நடுவே என்ன மாறியது என்று சொல்ல நாக்கும் தயாராகியிருக்கும். திராட்சை வாங்குவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.